குதிரை வருது, லாடக்காரன் வர்றதில்லை

"ஓசூருக்கு டிஃபென்ஸ் காரிடார் வந்தாச்சு, இனிமே நாம யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை." இந்த டயலாக்கை டீக்கடைல கேட்டாச்சு, ஆபீஸ் கேண்டீன்ல கேட்டாச்சு, கொடி பறக்குற படத்தோட வாட்ஸப்லயும் பார்த்தாச்சு. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போனதால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். அவசரக்காரங்க அடுத்த வலைப்பூவுக்கு எஸ்கேப் ஆயிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

விஷயம் தெரியாதவங்களுக்கு: 2018 பட்ஜெட்ல ரெண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவிச்சாங்க. ஒண்ணு உத்தரப்பிரதேசம், இன்னொண்ணு தமிழ்நாடு. நம்மளோடதை 2019 ஜனவரில திருச்சில தொடங்கி வச்சாங்க. சென்னை, கோவை, திருச்சி, சேலம், ஓசூர்னு அஞ்சு ஊர். மத்திகிரில குடியிருக்கிறவன்ங்கிற முறையில எனக்கும் பெருமைதான். நாலு பசங்களுக்கு வேலை கிடைச்சா சந்தோஷம்தான். என் சண்டை தொழிற்சாலையோட இல்லை. "இனிமே யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை"ங்கிற அந்த ரெண்டாவது பாதியோடதான்.

முதல்ல ஒரு பழைய கதை. சம்பந்தம் இருக்கு, பொறுங்க.

13ஆம் நூற்றாண்டுல பாண்டியர்களுக்குக் குதிரைப் பைத்தியம். அரேபியா, பாரசீகப் பக்கத்துல இருந்து கப்பல் கப்பலா காயல்பட்டினம் பக்கம் வந்து இறங்கும். ராணுவம்னா அப்போ குதிரைதான். இன்னிக்கு ஃபைட்டர் ஜெட் மாதிரி வச்சுக்குங்களேன். மார்க்கோ போலோ இதைப் பத்தி எழுதியிருக்கார். ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல குதிரை வாங்குறார், வருஷக் கடைசில நூறு கூட உயிரோட மிஞ்சறதில்லைன்னு. ஏன்? பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இங்க இல்லை. அதுக்கப்புறம் அவர் சொல்றதுதான் சூப்பர்: விக்கிற வியாபாரிங்க லாடம் அடிக்கிறவனையும் வைத்தியம் பாக்குறவனையும் இந்தப் பக்கம் வர விடவே மாட்டாங்களாம். குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷமும் கல்லா கட்டலாம்!

போலோ கொஞ்சம் உப்பு மிளகாய் தூவியிருக்கலாம். ஆனா வியாபார தந்திரம் பச்சையா இருக்கு பாருங்க. பொருளை விப்பான், வித்தையை விக்க மாட்டான்.

இது வெள்ளைக்காரனுக்குப் புரிஞ்சிருந்துச்சு. எங்க மத்திகிரில இன்னிக்கு இருக்கிற கால்நடைப் பண்ணை, கம்பெனி காலத்துல மெட்ராஸ் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்த இடம். காசு கொடுத்து வாங்குறதோட நிக்காம, பண்ணை போட்டு, தீவனம் விளைவிச்சு, ஆளைப் பழக்கினான். பீரங்கி பளபளக்குறதை மட்டும் பார்த்துட்டு அவன் போர் பண்ணலை. பின்னால சாணி அள்ளுற வேலையையும் சேர்த்துத்தான் கணக்கு போட்டான்.

சரி, இப்ப 2025க்கு வருவோம்.

ஏப்ரல் 2ஆம் தேதி டிரம்ப் உலகம் பூரா வரி போட்டார். ரெண்டே நாள்ல, ஏப்ரல் 4ஆம் தேதி, சீனா ஒரு அறிவிப்பு விட்டுச்சு. சமேரியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம்னு ஏழு அரிய மண் தனிமங்களும், அதுகள்ல செஞ்ச காந்தங்களும் இனிமே லைசென்ஸ் இல்லாம நாட்டை விட்டு வெளிய போகாது. சண்டை அமெரிக்காவோட. ஆனா உத்தரவு எல்லா நாட்டுக்கும். ரெண்டு யானை சண்டை போட்டா புல்லுக்குத்தானே கஷ்டம். அந்தப் புல்லு நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம்.

ஏன்னா எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டார்ல இருக்கிறது அந்தக் காந்தம்தான். டிவிஎஸ் ஓசூர்ல, ஏத்தர் ஓசூர்ல, ஓலா போச்சம்பள்ளில. நாட்டுல ஓடுற மின் ஸ்கூட்டர்ல பெரும்பங்கு நம்ம மாவட்டத்துல பொறந்தது. காந்தம் இல்லைன்னா மோட்டார் வெறும் செம்புக்கம்பிச் சுருள். மகாராஷ்டிரால பஜாஜ் நிர்வாக இயக்குநர் ராஜீவ் பஜாஜ், ஆகஸ்ட் மாசம் மின் ஸ்கூட்டர் உற்பத்தி பூஜ்யமாவே ஆகலாம்னு வெளிப்படையா சொன்னார். ஒரு வண்டிக்குத் தேவையான காந்தம் சில நூறு கிராம்தான். சில நூறு கிராமுக்காக மொத்த அசெம்பிளி லைன் நிக்கும்!

என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு ஒரு உதாரணம். 2016 மார்ச்ல 'லெஃப்ட்-பேட்'னு 11 வரி கோடு. எழுதினவர் கோபத்துல அதைத் தூக்கிட்டார். உலகம் பூரா ஆயிரக்கணக்கான புராஜெக்ட் பில்டு ஆகாம நின்னுச்சு. பல பேருக்கு அப்படி ஒண்ணை நாம உபயோகிக்கிறோம்னே அதுவரைக்கும் தெரியாது. கம்பெனிக்காரன் மார்தட்டினது அவன் எழுதின பத்து லட்சம் வரியைப் பத்தி. கழுத்தை நெறிச்சது எவனோ எழுதின 11 வரி.

இதுல காமெடி என்னன்னா, சீனாகிட்ட லைசென்ஸ் வாங்கணும்னா ஒரு உறுதிமொழிக் கடிதம் கொடுக்கணும். "இந்தக் காந்தத்தை ஆயுதத்துக்கோ ராணுவத் தேவைக்கோ பயன்படுத்த மாட்டோம்"னு. அதாவது, பாதுகாப்புத் தொழில் வழித்தடம்னு போர்டு வச்ச ஊர்ல உக்காந்துக்கிட்டு, "சத்தியமா இதை பாதுகாப்புக்குப் பயன்படுத்த மாட்டோம் சார்"னு பெய்ஜிங்குக்கு எழுதிக் கொடுக்கணும். ஸ்கூட்டருக்கே இந்தக் கதின்னா, ஏவுகணையோட இறக்கையை அசைக்கிற சின்ன மோட்டாருக்கும், டிரோன் மோட்டாருக்கும், ரேடாருக்கும் என்ன கதி? 2025 பிப்ரவரில, சீன பாகங்கள் இருக்குதுங்கிற பிரச்சினைல நம்ம ராணுவம் 400 டிரோன்களுக்கான ஒப்பந்தங்களை ரத்து பண்ணிச்சே, ஞாபகம் இருக்கா? மேல ஒட்டியிருந்தது இந்திய ஸ்டிக்கர்.

இப்போ "காந்தம் செய்ய மண்ணு நம்மகிட்ட இல்லையா பாஸ்?"னு கேப்பீங்க. இருக்கு. வேற எங்கயும் இல்லை, நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரைல மோனசைட் மணல். அதைக் கண்டுபிடிச்சதே ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர். கயித்துல ஒட்டிக்கிட்டு வந்த மணலைப் பார்த்து மோப்பம் பிடிச்சு, 1910 வாக்குல அங்கயே ஆலை போட்டார். அப்போ கேஸ் லைட் மேண்டிலுக்குத் தோரியம் வேணும். முதல் உலகப்போர் வந்ததும் "நீ உளவாளி"ன்னு அவரைப் பிடிச்சுப் போட்டுட்டு, ஆலை பிரிட்டிஷ்காரன் கைக்குப் போயிடுச்சு. வல்லரசுச் சண்டை குமரிக் கடற்கரைக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க.

இன்னொண்ணு கேளுங்க. 1953ல இந்திய அரிய மண் நிறுவனம் சீனாவுக்குத் தோரியம் நைட்ரேட் கப்பல்ல அனுப்பிச்சு. சுமார் ஒரு டன். அமெரிக்கா கொதிச்சுப் போய், எங்க சட்டப்படி உங்களுக்குக் கொடுக்கிற உதவியையே நிறுத்த வேண்டி வரும்னு மல்லுக்கு நின்னாங்க. அன்னிக்கு நாம வித்தோம், சீனா வாங்குச்சு. இன்னிக்கு அவங்க விக்கிறாங்க, நாம உறுதிமொழிக் கடிதம் எழுதறோம். நடுவுல எழுபது வருஷம் என்ன பண்ணிட்டிருந்தோம்?

அமெரிக்க நிலவியல் துறைக் கணக்குப்படி நம்ம அரிய மண் இருப்பு 69 லட்சம் டன். உலகத்துல மூணாவது இடம். 2024ல நாம எடுத்தது 2,900 டன். சீனா எடுத்தது 2 லட்சத்து 70 ஆயிரம் டன். சரி, நிறைய தோண்டினா தீர்ந்துச்சுன்னு நினைக்காதீங்க. மேட்டரே அங்க இல்லை.

மணல்ல இருந்து காந்தம் வரைக்கும் உள்ள பாதையைப் பாருங்க. மணல்ல மோனசைட்டைப் பிரிக்கணும். ரசாயனத்துல கரைச்சு தோரியத்தைத் தனியா எடுக்கணும். மிச்சமிருக்கிற தனிமங்கள் எல்லாம் ஒட்டிப் பொறந்த ரெட்டையர் மாதிரி, ரசாயன குணம் கிட்டத்தட்ட ஒண்ணு. அதுகளைப் பிரிக்க நூத்துக்கணக்கான தொட்டில மாத்தி மாத்தி கரைக்கணும். அப்புறம் ஆக்சைடை உலோகமாக்கணும். இரும்பு, போரானோட கலந்து உருக்கணும். சில மைக்ரான் அளவுக்குப் பொடியாக்கணும், காத்து பட்டா தீப்பிடிக்கிற பொடி. காந்தப் புலத்துல வச்சு அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல சுடணும். அறுத்து, தேய்ச்சு, பூச்சு பூசணும். அதுக்கப்புறம்தான் ஓசூர் மோட்டார்.

தலை மணவாளக்குறிச்சில இருக்கு, வால் ஓசூர்ல இருக்கு. நடுவுல இருக்கிற வயிறு சீனாவுல இருக்கு. உலகக் காந்த உற்பத்தில சுமார் 90 சதவீதம் அங்கதான்.

அந்த வயிறு அவங்களுக்கு மணல்ல இருந்து வந்ததில்லை. ஷு குவாங்ஷியன்னு ஒரு வேதியியல் பேராசிரியர். கொலம்பியா பல்கலைக்கழகத்துல படிச்சிட்டு 1951ல சீனா திரும்பினவர். 1970கள்ல அந்தத் தொட்டி வரிசைக்கான கணக்கை உக்காந்து போட்டார். எத்தனை தொட்டி, எந்த விகிதம்னு தியரியா எழுதி, ஆலை ஆலையா பொறியாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். டிவில வர்ற சமாச்சாரமா இது? ராக்கெட் மாதிரி புகை விடாது. குடியரசு தின அணிவகுப்புல தொட்டியை இழுத்துக்கிட்டுப் போக முடியாது. ஆனா இன்னிக்கு அமெரிக்காவையே மேசைக்கு இழுத்த ஆயுதம் அந்தத் தொட்டிதான்.

இப்போ லாடக்காரன் கதை ஞாபகம் வருதா? காந்தத்துக்குப் பூட்டு போட்டது 2025ல. ஆனா காந்தம் செய்யிற தொழில்நுட்பத்தை வெளிய கொடுக்கக் கூடாதுன்னு சீனா தடை போட்டது 2023 டிசம்பர்லயே. முதல்ல லாடக்காரனை நிறுத்தினான், அப்புறம்தான் குதிரையை. போலோ காலத்து வியாபாரி சுழிச்ச அதே புள்ளையார் சுழி.

இப்ப மூணு கோஷ்டிக்கு மூணு பதில்.

1. "சீனப் பொருளைப் புறக்கணி" கோஷ்டி. தீபாவளி சரவிளக்கைப் புறக்கணிக்கிறது சுலபம் சாமி. மோட்டார் உள்ள இருக்கிற காந்தத்தை எப்படிப் புறக்கணிப்பீங்க? இந்தக் கோஷத்தை ஃபார்வேர்டு பண்ற ஃபோன் ஸ்பீக்கர்லயும் அதே காந்தம்தான். அவன் நம்மளைப் புறக்கணிச்சப்பத்தான் லைன் நின்னுச்சு. அதோட, குழாயைத் திருகுறது எதிரி மட்டும்தான்னும் நினைக்காதீங்க. தேஜஸ் விமானத்துக்கு 99 என்ஜின் கேட்டு அமெரிக்காவோட ஜி.இ.க்கு ஆர்டர் கொடுத்தது 2021ல. முதல் என்ஜின் வந்தது 2025 மார்ச்ல. அவங்க நண்பர்கள்தான், சப்ளை செயின் தகராறுதான், ஒத்துக்கிறேன். இருந்தாலும் என்ஜின் இல்லாத விமானம் ஓடுதளத்துல நிக்குதே, அது நண்பனுக்காக நிக்குதா எதிரிக்காக நிக்குதான்னு பார்க்கிறவனுக்குத் தெரியுமா?

2. "மலிவா கிடைக்கிறப்ப வாங்கிக்கிட்டுப் போவோமே" கோஷ்டி. பொருளாதாரம் படிச்ச மேதைகள். இதே பாடத்தை அமெரிக்கா நமக்கு முன்னாடியே படிச்சாச்சு. இந்தக் காந்தத்தை 1980கள்ல கண்டுபிடிச்சதே ஜப்பானோட சுமிடோமோவும் அமெரிக்காவோட ஜெனரல் மோட்டார்ஸும்தான். ஜி.எம். ஆரம்பிச்ச மேக்னக்வெஞ்ச் கம்பெனியை 1995ல சீனக் கம்பெனிகள் இருந்த ஒரு கூட்டுக்கு வித்தாங்க. 2000களின் தொடக்கத்துல இண்டியானா மாநிலத்து வேலையெல்லாம் சீனாவுக்குப் போயிடுச்சு. கணக்குப்படி லாபம். அப்புறம் 2022 செப்டம்பர்ல எஃப்-35 போர் விமானத்துல ஒரு காந்தத்தோட உலோகக் கலவை சீனாவுதுன்னு தெரிஞ்சு, பென்டகன் விமானத்தை வாங்குறதையே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சுது. 2025 ஜூலைல அதே பென்டகன் எம்.பி. மெட்டீரியல்ஸ்னு ஒரு சுரங்கக் கம்பெனில 40 கோடி டாலர் போட்டு பெரிய பங்குதாரர் ஆச்சு. நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் குறைந்தபட்ச விலைன்னு பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் வேற. சந்தைதான் சாமின்னு ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவங்க, கடைசில ஆதார விலை கொடுக்கிறாங்க. நம்ம ஊர் கரும்பு விவசாயி கேட்டா மட்டும் "மானியம் தப்பு"!

3. மூணாவது கோஷ்டி மேலதான் எனக்கு நிஜமான கோபம். "மணல் இருக்கே, தோண்டுறதுக்கு மீனவங்க விட மாட்டேங்கிறாங்க, தேச விரோதிங்க" கோஷ்டி.

கிள்ளியூர் வட்டத்துல 1,144 ஹெக்டேர்ல அணுக் கனிம மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். திட்டம் போட்டுச்சு. 2024 அக்டோபர்ல நடக்க வேண்டிய கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால தள்ளிப் போச்சு. கடலோர ஜனங்க கேக்குறது என்ன? கடல் அரிப்பு என்னாகும், கதிர்வீச்சு என்னாகும், எங்க ஊர்ல புத்துநோய் பத்தி முழு ஆய்வு எங்கன்னு. தாது மணல் பேரைச் சொல்லி தனியார் அள்ளின அள்ளல்ல, 2013ல தமிழக அரசே தடை போட வேண்டி வந்துச்சு. அதைக் கண்ணால பார்த்த ஜனங்க சந்தேகப்படாம வேற என்ன செய்வாங்க? இதுக்குப் பதில் சொல்லாம, 2025 செப்டம்பர்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை விட்டுச்சு. அணுக் கனிமம், முக்கியக் கனிமம்னா கருத்துக்கேட்பே வேண்டாம்னு. காரணம்? தேசப் பாதுகாப்பு. தமிழக அரசு வாபஸ் வாங்கச் சொல்லி கடிதம் எழுதிச்சு.

பொறியியல் படிச்சவனா கேக்குறேன். அடைப்பு எங்க இருக்குதோ அங்கதானே குத்தணும்? நம்ம கடற்கரை மோனசைட்ல நியோடிமியம் இருக்கு. ஏப்ரல் 2025ல பூட்டு விழுந்த டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அதுல சொற்பம். மோட்டார் சூடானாலும் காந்தம் சக்தி இழக்காம இருக்கிறதுக்குச் சேர்க்கிறது அதுகளைத்தான். குமரி மாவட்டத்தையே சலிச்சாலும் அந்தப் பற்றாக்குறை தீராது. அப்படியே நியோடிமியத்துக்குன்னு தோண்டினாலும், அதைக் காந்தமாக்குற ஆலை பெரிய அளவுல இல்லை. 2023ல விசாகப்பட்டினத்துல திறந்த சமேரியம்-கோபால்ட் காந்த ஆலையோட திறன் வருஷத்துக்கு 3,000 கிலோ. கிலோங்க, டன் இல்லை. ஆக, வயிறு இல்லாத உடம்புக்கு வாய்ல சோறு திணிக்கிறதுக்காக ஒரு மீனவக் கிழவியோட மைக்கைப் பிடுங்குறாங்க. தேசப் பாதுகாப்புன்னு சொன்னா கேள்வி கேக்கக் கூடாதுங்கிறது, பாதுகாப்பும் இல்லை, பொறியியலும் இல்லை.

"எல்லாத்தையும் திட்டுறியே, வழி சொல்லு"ன்னு பின்னூட்டத்துல வருவீங்க, தெரியும். வழி நம்ம கண்ணு முன்னாடியே இருக்கு. அதே தென்கோடில, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரி. 1992ல கிரையோஜெனிக் என்ஜின் விவகாரத்துல அமெரிக்கா இஸ்ரோ மேல தடை போட்டுச்சு. 1993ல ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மாட்டேன்னு பின்வாங்கிச்சு. சில என்ஜின் மட்டும் கொடுத்தாங்க. குதிரை வந்துச்சு, லாடக்காரன் வரலை! நம்மாளுங்க அழுதுக்கிட்டு உக்காரலை. மகேந்திரகிரில வருஷக்கணக்கா சோதிச்சாங்க. 2010ல சொந்த என்ஜின் தோத்துச்சு. 2014 ஜனவரி 5ஆம் தேதி ஜெயிச்சுது. இருபது வருஷம். வித்தை வர்றதுக்கு அவ்வளவு நாள் ஆகும், குறுக்கு வழி கிடையாது.

காந்தத்துக்கும் அதுதான். 2025 நவம்பர்ல மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டம் ஒப்புக்கிச்சு, வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் பண்ற திறனை உருவாக்குறதுக்கு. நல்ல விஷயம், நல்லதுன்னே சொல்றேன். ஆனா கணக்கு போடுங்க. காந்தத்துல சுமார் 30 சதவீதம் அரிய மண். 6,000 டன்னுக்கு 1,800 டன் உலோகம் வேணும். நாம இப்ப பிரிச்செடுக்கிறது சில நூறு டன். உலோகத்தை இறக்குமதி பண்ணி இங்க வச்சு சுட்டா, பூட்டு ஒரு வாசல் தள்ளிப் போகுமே தவிர சாவி அதே ஆள் கைலதான்.

அதனால என் கோரிக்கை மூணே மூணு. ஒண்ணு, எத்தனை சதவீதம் இங்க செஞ்சோம்னு போர்டு வைக்காதீங்க. எத்தனை பேர் ஒரே ஒரு கடிதத்துல நம்மளை நிறுத்த முடியும்னு லிஸ்ட் போடுங்க. அந்த லிஸ்ட் சுருங்கினாத்தான் தற்சார்பு. ரெண்டு, பிரிக்கிற தொட்டி, உலோகம், பொடி, சுடுற உலைன்னு அழகில்லாத வேலைக்குக் காசும் ஆளும் கொடுங்க. இஞ்சினியரிங் முடிச்ச கூட்டம் இங்க நிறைய இருக்கு, உலோகவியல் படிச்சவன் என் பக்கத்து சீட்ல ஜாவா அடிச்சிட்டிருக்கான். டிஸ்ப்ரோசியம் குறைச்ச காந்தம், ஃபெரைட் மோட்டார், பழைய மோட்டார்ல இருந்து காந்தத்தை மீட்கிறது, இதெல்லாம் ஓசூர்லயே செய்யக்கூடிய வேலை. மூணு, கடற்கரை ஜனங்ககிட்டக் கேளுங்க. பதில் சொல்லுங்க. கேட்டதுக்கப்புறம் தோண்ட வேண்டியது கம்மியாவே இருக்கும்.

2025 அக்டோபர் கடைசில சில இந்தியக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கிடைச்சுதுன்னு நம்ம வெளியுறவு அமைச்சகம் சொல்லுச்சு. அதே சமயம் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் தென்கொரியால கை குலுக்கினாங்க. உடனே "அப்பாடா, பிரச்சினை முடிஞ்சுது"ன்னு ஒரு பெருமூச்சு. கவனிச்சீங்களா? பூட்டினது அவங்க சண்டைக்காக, கொஞ்சம் திறந்ததும் அவங்க சமாதானத்துக்காக. ரெண்டு தடவையும் நம்மகிட்ட யாரும் கேக்கலை. கேக்க வேண்டிய அவசியம் அவங்களுக்கு வர்ற வரைக்கும், காரிடார்னா வெறும் நடைபாதைன்னுதான் நான் அர்த்தம் எடுத்துக்குவேன்.

டிஸ்கி 1: "அப்ப நீ சீனா ஆளா?", "அப்ப நீ அமெரிக்கா ஆளா?" ரெண்டு பின்னூட்டத்துக்கும் ஒரே பதில்: மத்திகிரி ஆளு.

டிஸ்கி 2: அனானி அண்ணாச்சிகள் தோரியத்துல கரண்டு எடுக்கிறதைப் பத்திக் கும்மியை ஆரம்பிக்காதீங்க. அதுக்குத் தனிப் பதிவு வேணும்.